படம் செம ஸ்டைலு, ஆனா யாரு யாரை ஏன் கொன்னாங்கனே புரியல. தப்பு என் மேலயா?

கேள்விய நான் புரிஞ்சுகிட்ட மாதிரி ஒருதடவ சொல்லிடறேன். ஒரு க்ரைம் த்ரில்லர் பாத்திருக்கீங்க, அண்ணனைக் கொன்னவங்கள தம்பி தேடித் தேடிப் பழிவாங்குற கதை, பின்னாடி ஒரு போதை மருந்து கும்பல், லைட்டிங்கு மியூசிக்கு எல்லாம் அட்டகாசம், கண்ணை எடுக்க முடியல. ஆனா ரெண்டாவது தடவ பாத்தும் யாரு எந்தப் பக்கத்து ஆளு, கடைசில கார்ல வச்சு சுடப்படுற அந்தத் தாடிக்காரன் யாரு, அவனை எதுக்கு சுடணும், ஒண்ணும் பிடிபடல. கூடப் பாத்தவங்க எல்லாம் "உனக்கு இதுகூடப் புரியலையா"ன்னு கேக்குறாங்க. படம் பேரை நீங்க சொல்லல, அதனால கதைய விளக்குற வேலைக்கு நான் போகல. நீங்க நிஜமா கேக்குறதும் அது இல்லன்னுதான் தோணுது. எனக்கு மண்டை பத்தலையா இல்ல படத்துல ஓட்டையா, இதை எப்படிப் பிரிச்சுப் பாக்குறது, அதானே? அதுக்கு என்னால பதில் சொல்ல முடியும்.

நான் 14 வருஷமா எடிட்டிங்ல இருக்கேன், அதுல மொத அஞ்சு வருஷம் அசிஸ்டென்ட். பழிவாங்குறது, கடத்தல், துப்பாக்கி, மழைல சண்டை, இந்த வகையறால நிறைய கை வச்சிருக்கேன். அந்த அனுபவத்துல சொல்றேன், பெரும்பாலும் தப்பு உங்க மேல இல்ல. ஆனா "புரியல"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு வேற வேற விஷயம் ஒளிஞ்சிருக்கு. சில படத்துல கேள்வி பளிச்சுனு இருக்கும், பதில் மட்டும் தெரியாது. போட்டுக்கொடுத்தது யாரு, பெட்டில என்ன இருக்கு, இப்படி. இது படம் வேணும்னே உங்க கைல கொடுத்து அனுப்புற கேள்வி, பதில் வர்ற வரைக்கும் அதுதான் உங்களை சீட்டுல உக்கார வைக்கும். இன்னொரு வகைல, எதைக் கேக்கணும்னே தெரியாம முழிப்பீங்க. உங்க தாடிக்காரன் மேலோட்டமா மொத வகை மாதிரி இருக்கான், ஆனா இல்ல. அவன் யாருன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும்னு நம்பிகிட்டுதான் படம் அந்த சீனை நடத்துது. மியூசிக் ஏறுது, ஸ்லோமோஷன் வருது, நீங்க கைதட்டணும்னு எதிர்பாக்குது, நீங்க "இவன் யாரு"ன்னு பக்கத்துல இருக்கறவரைப் பாக்குறீங்க. அப்படி ஒரு இடம் வந்தா அது மர்மம் இல்ல, கதை சொல்றதுல விழுந்த ஓட்டை.

பழிவாங்குறதும் போதை மருந்தும் சேரும்போது மட்டும் இது ஏன் இவ்வளவு அடிக்கடி நடக்குதுன்னு யோசிச்சிருக்கேன். பழிவாங்குற கதை ஒரு நேர்கோடு. இவனுக்கு அவன் உயிர் வேணும், அவ்வளவுதான், சின்னப் பையனுக்கும் புரியும். போதை மருந்து வியாபாரம் அப்படி இல்ல, அது வலை. அதுவும் யாருக்கும் புரியக்கூடாதுன்னே பின்னின வலை. தயாரிக்கிறவனுக்கு விக்கிறவனைத் தெரியாது, நடுவுல இருக்கறவனுக்கு தனக்கு மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் தவிர வேற யாரையும் தெரியாது, முடிஞ்ச அளவுக்கு காசைத் தொடுறவனும் சரக்கைத் தொடுறவனும் வேற வேற ஆளா வச்சிருப்பாங்க. ஒருத்தன் மாட்டினாலும் மொத்தமும் மாட்டக்கூடாது, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. இப்போ இதை நிஜமா காட்டுறேன்னு ஒரு டைரக்டர் கிளம்பினா, போலீஸுக்கே புரியக்கூடாதுன்னு கட்டின ஒண்ணை ரெண்டரை மணி நேரத்துல நமக்குப் புரிய வைக்கணும்.

பாக்குறவங்க பக்கத்துல இருந்து பாருங்க. சரக்கு இப்போ யார்கிட்ட இருக்கு, காசு யார்கிட்ட போச்சு, யாரு யாருக்கு விசுவாசம், யாரு மேல யாருக்குப் பகை, நாலு கணக்கையும் ஒரே நேரத்துல மண்டைல ஓட்டணும். இதுக்கு நடுவுல தம்பி கீழ்மட்டத்துல இருந்து ஒவ்வொருத்தனா அடிச்சு மேல ஏறுவான். ஏறுற ஒவ்வொரு படிக்கும் ஒரு புது ஆளு, ஒரு புது பேரு, ஒரு பில்டப்பு, அடுத்த பத்தாவது நிமிஷம் அவன் காலி. பத்து பேரை ஞாபகம் வச்சுகிட்டா ஏழு பேரை வீணா வச்சுகிட்டோம்னு ஆகுது. கொஞ்ச நேரத்துல மண்டை தானா கணக்கை மூடிட்டு "சரி, யாரோ யாரையோ அடிக்கிறாங்க"ங்கற நிலைமைக்குப் போயிடும். அதுக்கப்புறம் வர்ற எந்தத் திருப்பமும் உள்ள இறங்காது.

இதை சாமர்த்தியமா தாண்டின படமும் நம்மகிட்டயே இருக்கு. 2019ல வந்த கைதிய எடுத்துக்கங்க. அது பழிவாங்குற கதை இல்ல, ஆனா போதை மருந்து இருக்கு, கும்பல் இருக்கு, போலீஸுக்குள்ள கறுப்பு ஆடு இருக்கு, ஆளுங்களும் கொஞ்சமில்ல. ஆனாலும் குழம்பல. காரணம், கதை ஒரே ராத்திரி, பிடிச்ச சரக்கு ஒரே கட்டடத்துல இருக்கு, நகரவே நகராது, கும்பல்தான் அதைத் தேடி வரும். ஹீரோவுக்கு வேண்டியது அவன் பொண்ணைப் பாக்குறது. நாலு கணக்குல சரக்கு கணக்கு மொதல்லயே முடிஞ்சு போச்சு, அதை யாரும் ஞாபகம் வச்சுக்க வேண்டாம். சரக்கை நகராம ஒரே இடத்துல வச்சது பாக்க சாதாரணமா தெரியும், ஆனா படத்தோட பாதி தெளிவு அதுலதான் இருக்குங்கறது என் எண்ணம்.

அடுத்தது பேரும் மூஞ்சியும். நிறைய படத்துல ஒரு ஆளோட பேரு ஒரு சீன்ல வரும், மூஞ்சி வேற சீன்ல வரும், ரெண்டும் ஒண்ணா வரவே வராது. பேப்பர்ல எழுதினவருக்கு இது தெரியாது, ஸ்க்ரிப்ட்ல ஒவ்வொரு டயலாக் பக்கத்துலயும் பேரு போட்டிருக்கும்ல. படத்துல யாரு நெத்திலயும் பேரு ஒட்டியிருக்காது. அதுக்கு மேல எல்லாரும் கறுப்பு சட்டை, எல்லாருக்கும் தாடி, பாதி மூஞ்சி இருட்டுல, மீதி பாதில சிவப்பு லைட்டு. ஃப்ரேம் பாக்க பெயின்டிங் மாதிரி இருக்கும், ஆள் அடையாளம் தெரியாது. காஸ்டிங் பண்ணும்போதே ஒருத்தன் குண்டு, ஒருத்தன் மொட்டை, ஒருத்தன் நெட்டைன்னு பிரிச்சுட்டா பாதி பிரச்சினை தீர்ந்துடும். பழைய கமர்ஷியல் படங்கள்ல வில்லனோட அடியாளுக்கு ஒரு பல்லோ தழும்போ ஒத்தைக் கண்ணோ வச்சதை நாம கிண்டல் பண்றோம், ஆனா அது மடத்தனம் இல்ல, அடையாளச் சீட்டு.

எங்க எடிட்டிங் டேபிள்ல நடந்த ஒண்ணைச் சொல்றேன், படம் பேரு வேண்டாம். அண்ணன் தம்பி கதை, கிட்டத்தட்ட நீங்க சொன்ன மாதிரியே. அண்ணன் மொத ரீல்லயே செத்துடுவான், அவனைப் பத்தின ஃபிளாஷ்பேக் இன்டர்வெல்லுக்கு அப்புறம். நடுவுல ஒரு ஷாட், தம்பி அண்ணனோட வாட்ச்சை எடுத்துப் பாப்பான், கண்ணாடி உடைஞ்சிருக்கும், முள்ளு நின்னிருக்கும், 9 செகண்ட், டயலாக் கிடையாது. நீளத்தைக் குறைக்கணும்னு அதைத் தூக்கிட்டோம். அப்புறம் படத்தோட சம்பந்தமே இல்லாத ஒரு இருபது பேரைக் கூட்டி வந்து போட்டுக் காட்டினா, பாதிப் பேருக்கு மேல "செத்துப்போனவன் இவனோட பார்ட்னர் தானே"ன்னு கேக்குறாங்க. தலைல கை வச்சிட்டோம். டைரக்டர் "அண்ணன் அண்ணன்னு பதினோரு தடவ வருதேய்யா, எண்ணிப் பாத்தேன்"ங்கறாரு. அப்பத்தான் உறைச்சது, அந்தக் கும்பல்ல எல்லாரும் எல்லாரையும் அண்ணேன்னுதான் கூப்பிடுறான். தலைவனும் அண்ணன், டிரைவரும் அண்ணன், துரோகியும் அண்ணன். அந்த வார்த்தைய வச்சு கூடப் பொறந்தவன்னு யாருக்குத் தெரியும்? அப்புறம் வாட்ச் ஷாட்டைத் திரும்பப் போட்டோம், சுடுகாட்டுல தம்பி முதுகு காட்டி நிக்கிற ஒரு ஷாட் இருந்துச்சு, அதுமேல "அம்மாகிட்ட நான் என்னடா சொல்லுவேன்"னு ஒரு வரி டப்பிங்ல சேர்த்தோம். வாய் தெரியாத ஷாட்ங்கறதால உதட்டசைவு பிரச்சினை இல்ல. ஒத்தை வரி, படமே வேற படமா ஆயிடுச்சு.

இவ்வளவு பேர் வேலை பாக்குறாங்களே, யாருக்கும் முன்னாடியே தெரியாதான்னு கேப்பீங்க. தெரியாது, அதுதான் இந்த வேலையோட சாபம். ஒரு சீனை நூறு தடவ பாத்தவனுக்கு அது புரியாம இருக்க வாய்ப்பே இல்ல, கதை மொத்தமும் மண்டைல இருக்கு, ஸ்க்ரீன்ல இல்லாததையும் சேத்தே பாப்பான். அப்புறம் நீளம். மொத கட் மூணு மணி நேரத்துக்கு மேல நிக்கும், அரை மணியாச்சும் வெட்டணும்பாங்க. எதை வெட்டுவீங்க? சண்டைய வெட்ட முடியாது, காசு கொட்டியிருக்கு, பாட்டை வெட்டினா மியூசிக் கம்பெனி கேக்கும், ஹீரோ இன்ட்ரோல கை வைக்கவே முடியாது. மிச்சம் இருக்கறது ரெண்டு பேர் உக்காந்து பேசுற சீன். "இழுக்குது சார்"னு ஒருத்தர் சொன்னா போதும், அது போயிடும். அந்தத் தாடிக்காரன் யாருன்னு சொன்ன சீன் அதுவாத்தான் இருந்திருக்கும். உங்க படத்துல இப்படித்தான் நடந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, எழுதும்போதே விட்டிருக்கலாம், ஷூட்டிங்ல நடிகர் தேதி கிடைக்காம போயிருக்கலாம். ஆனா பந்தயம்னா நான் எடிட்டிங் மேலதான் கட்டுவேன்.

ஸ்டைல் பத்தி ஒரு பெரிய தப்பபிப்பிராயம் எங்க ஆளுங்ககிட்ட ஓடுது. வால்ட்டர் மர்ச்னு ஒரு பெரிய எடிட்டர், ஒரு ஷாட்ல இருந்து அடுத்த ஷாட்டுக்குத் தாவுற 'கட்' நல்லா அமைய எது எது முக்கியம்னு சதவீதம் போட்டு எழுதியிருக்காரு, உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, மிச்சம் பாக்குறவங்க கண்ணு எங்க போகுது, ஃப்ரேம், இடம் இதுக்கெல்லாம். இதைப் படிச்சுட்டு "ஃபீல் இருந்தா போதும், கதை எப்படியும் போகட்டும்"னு பேசுற அசிஸ்டென்ட்டுங்களை நான் நிறைய பாத்திருக்கேன், ஒரு காலத்துல நானும் பேசினேன். ஆனா அவர் சொன்னது எல்லாத்தையும் காப்பாத்த முடியாத இடத்துல எதை விட்டுக்கொடுக்கலாம்ங்கற வரிசைய. கதைய விட்டா உணர்ச்சி தனியா நிக்குமா? செத்தவன் கூடப் பொறந்தவன்னே தெரியலன்னா அழுகை என்னத்துக்கு? எங்க வாட்ச் ஷாட் கதையே இதுக்கு சாட்சி.

ஸ்டைலும் சிக்கலும் சேர்ந்து நின்ன படங்களும் உண்டு. மெமெண்டோ 2000ல வந்துச்சு, பழிவாங்குற கதை, உள்ள போதை மருந்து காசும் இருக்கு. கலர் சீன் எல்லாம் பின்னோக்கி ஓடும், கறுப்பு வெள்ளை முன்னோக்கி ஓடும், கடைசில ரெண்டும் ஒரு இடத்துல முட்டும். இவ்வளவு சிக்கலுக்கு நடுவுல பாருங்க, பெண்டாட்டியைக் கொன்னவன் யாருங்கற ஒரு கேள்வி மட்டும் ஒரு நிமிஷம்கூட கண்ணை விட்டு மறையாது, ஹீரோ தன் உடம்புலயே பச்சை குத்தி வச்சிருப்பான். முக்கியமான ஆளுங்களை ஒரு கைல எண்ணிடலாம். போதை மருந்து விவகாரம் கார் டிக்கில இருக்குற பணத்தோட நின்னுடும், அதுக்கு மேல அந்த வலைக்குள்ள போகவே மாட்டாங்க. கலரு கறுப்பு வெள்ளைங்கறதும் அழகுக்கு இல்ல, இப்போ எந்தப் பக்கம் போயிட்டிருக்கோம்னு சொல்ற கைகாட்டி. 1999ல வந்த தி லைமி இன்னொண்ணு, மகள் சாவுக்குக் காரணமானவனைத் தேடி ஜெயில்ல இருந்து வந்த அப்பன். ஒரே பேச்சு நடுவுல இடம் மாறிகிட்டே இருக்கும், முன்னாடி நடந்ததும் பின்னாடி நடக்கப்போறதும் கலந்து கலந்து வரும். ஆனாலும் கிழவனுக்கு என்ன வேணும்ங்கறதுல ஒரு செகண்ட் சந்தேகம் வராது. கோடு நேரா இருந்தா மேல எவ்வளவு கோலம் வேணா போடலாம்.

இதுக்கு நேர் எதிரான ஒண்ணையும் சொல்லணும், இல்லன்னா நான் நேர்மையா இல்ல. தி பிக் ஸ்லீப்னு 1946 படம், துப்பறியும் கதை, கதைச் சிக்கலுக்கே பேர் போனது. அதுல ஒரு கார் டிரைவர் சாவான், அவனைக் கொன்னது யாருன்னு படம் எடுத்தவங்களுக்கே குழப்பம் வந்து மூல நாவல் எழுதினவர்கிட்ட கேட்டப்போ, அவரும் தெரியாதுன்னுட்டாருன்னு ஒரு பிரபலமான கதை உண்டு. எனக்கு அதைவிட சுவாரஸ்யம் அதோட எடிட்டிங். 1945லயே ஒரு வெர்ஷன் ரெடி பண்ணி ராணுவ வீரர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க, அதுல கேஸ் மொத்தத்தையும் உக்காந்து விளக்குற ஒரு சீன் இருந்துச்சு. தியேட்டருக்கு வந்தப்போ அந்த சீனைத் தூக்கிட்டு ஹீரோ ஹீரோயின் பேசுற புது சீன்களைச் சேத்துட்டாங்க. படம் இன்னும் குழம்பிச்சு, ஆனா பெரும்பாலானவங்களுக்கு அந்தக் குழம்பின வெர்ஷன்தான் பிடிச்சிருக்கு, நானும் அந்தக் கட்சிதான். ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கறது அங்க நிஜமான கதையா ஆயிடுச்சு, கொலைகாரன் யாருங்கறது சாக்கு. அதனால புரியலங்கறதை வச்சு மட்டும் மோசமான படம்னு சொல்லிட முடியாது. புரியாத இடத்துக்குப் பதிலா வேற என்ன கொடுத்துச்சுங்கறதுதான் கணக்கு. பழிவாங்குற படத்துல மட்டும் இந்தச் சலுகை ரொம்பக் கம்மி, ஏன்னா அங்க கடைசில சாகுறவன் யாருங்கறதுதான் முழு படத்தோட சம்பளமே.

இப்போ கொஞ்சம் சந்தேகத்தோட சொல்ற விஷயங்கள். மனுஷ மூளை ஒரே நேரத்துல ஏறக்குறைய நாலு விஷயத்தைத்தான் கைல வச்சுக்கும்னு நெல்சன் கோவன்ங்கற உளவியலாளர் 2001ல எழுதினாரு, அதுக்கு முன்னாடி ரொம்ப காலம் ஏழுன்னு சொல்லிட்டிருந்தாங்க. நான் மேல சொன்ன நாலு கணக்கோட இது அழகாப் பொருந்துது, அதனாலயே எனக்கு இது மேல சந்தேகம். அதெல்லாம் பெரும்பாலும் எண்ணு, எழுத்து, நிறம் மாதிரி எளிமையான விஷயங்களை வச்சுப் பாத்த சோதனை, படம் பாக்கும்போது மூஞ்சி குரல் மியூசிக் எல்லாம் சேர்ந்து உதவும், அப்படியே தூக்கி வைக்க முடியாது. எங்க பார்த்தீங்கங்கறதும் கொஞ்சம் விளையாடும். தியேட்டர் மிக்ஸ்ல டயலாக் பெரும்பாலும் நடு ஸ்பீக்கர்ல இருந்து வரும், அதையே டிவியோட ரெண்டு ஸ்பீக்கர்ல கேட்டா பிஜிஎம் மேல ஏறி பேச்சு அமுங்கிடலாம். முக்கால்வாசி இருட்டு ஃப்ரேமை வெளிச்சமான ரூம்ல போன்ல பாத்தா ஒண்ணுமே தெரியாது. டப்பிங் வெர்ஷனா இருந்தா உதட்டுக்குப் பொருந்தணும்னு வரிய மாத்தும்போது ஒரு பேரோ உறவுமுறையோ விழுந்திருக்கலாம். உங்க விஷயத்துல இது எவ்வளவு தூரம்னு எனக்குச் சொல்லத் தெரியல, மூணாவது தடவ பாக்குறதா இருந்தா சப்டைட்டில் போட்டு ஹெட்ஃபோன்ல பாருங்க.

அப்படிப் பாக்கும்போது எல்லாத்தையும் புரிஞ்சுக்க முயற்சி பண்ணாதீங்க, சரக்கை மட்டும் பின்தொடருங்க. அந்தப் பொட்டலமோ பையோ எந்தக் கைல இருந்து எந்தக் கைக்குப் போகுது, அது மட்டும். பாதி உறவுகள் அதுலயே வெளிய வந்துடும். அப்புறம் முடிவு தெரிஞ்ச கண்ணோட மொத அரைமணி நேரத்தைத் திரும்பப் பாருங்க. அப்போ சாதாரணமா தெரிஞ்ச ஒரு பார்வை, ஒரு தயக்கம், இப்போ வேற அர்த்தம் கொடுத்துச்சுன்னா டைரக்டர் திட்டம் போட்டுத்தான் பண்ணியிருக்காரு, தொப்பிய கழட்டிடுங்க. முடிவு தெரிஞ்சும் அந்த சீனெல்லாம் அப்படியே மரக்கட்டை மாதிரி இருந்தா, அங்க எதுவும் ஒளிச்சு வைக்கல, விட்டுப்போச்சு. புரிஞ்சதுன்னு சொல்ற நண்பர்களை விவாதத்துக்கு இழுக்காதீங்க, "தாடிக்காரனை ஏன் சுட்டான்"னு தனித்தனியா கேளுங்க. நாலு பேரும் நாலு பதில் சொன்னா அவங்களுக்கும் புரியல, உங்களை மாதிரி வெளிய சொல்லல, அவ்வளவுதான்.

இன்னொண்ணு. அந்தக் கார் சீனுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பின்னாடி போய், யாராச்சும் முதுகு காட்டி நிக்கிற ஷாட்லயோ, கார் தூரமா போற ஷாட்லயோ, போன்ல பேசுற குரலாவோ ஒரு பேரு வருதான்னு காதைக் கொடுத்துக் கேளுங்க, சுத்தி இருக்குற பேச்சை விட அந்த வரி மட்டும் கொஞ்சம் சுத்தமா, ரூம் சத்தமே இல்லாம கேக்கும். கெடச்சா, தாடிக்காரன் யாருன்னு அதுலயே இருக்கும். உங்களுக்கு வந்த அதே சந்தேகம் ஷூட்டிங் எல்லாம் முடிஞ்சப்புறம் அந்த எடிட்டிங் ரூம்ல யாருக்கோ வந்து, அவசர அவசரமா ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம்.